கல்லீரலும் இரத்தச் சோதனையும்

நம் முன்னோர் உடலகத்து உறுப்புக்களுள் மூன்றிற்கு ஈரல் என்னும் பெயரை வழங்கினர். கனத்துத் திண்ணென்றிருப்பதனைக் கல்லீரல் என்றும், குழைந்து மெத்தென்றிருப்பதனை மண்ணீரல் என்றும், நுரைபோற் காற்று நிறைந்து இலேசாயிருப்பதனை நுரையீரல் என்றும் வகுத்தனர். இப்பெயர்களை உற்று நோக்குங்கால், இவற்றை இட்டோர் ஏட்டை மட்டும் பார்த்து இட்டாரல்லர், கையாற் தொட்டறிந்தே இட்டனர் என்று எண்ணத் தோன்றுகின்றது. இறைச்சிக் கடையின் முன் ஒருநாள் நின்றாரும் இதனை உடன்படுவர். ஆயின், உயிரோடு நடமாடும் மனிதனது கல்லீரலைத் தொட்டறிவது எங்ஙனம்?

அது வலப்புறத்து விலாவெலும்புகளின் மறைவிற் கிடப்பது. வளர்ந்த மனிதனிடத்தில் ஏறக்குறைய 1½ கிலோ எடையுள்ளது. தன்னிற் பெரும்பகுதி கெட்ட பின்னரும், எஞ்சிய பகுதியைக் கொண்டே தன் கடமைகளை நடத்தவல்லது. இவ்வாற்றல் பெரும்பேறே யாயினும், அதனால் விளையும் தீங்கும் ஒன்றுண்டு. பல்லும் வயிறும் நோய் தொடங்கிய அன்றே முறையிடுகின்றன. கல்லீரலோ பல்லாண்டு வாளாவிருந்து, வயிற்றில் நீர் கோத்துக் கால் வீங்கிய பின்னரே தன் நிலையை வெளியிடுகின்றது. அவ்வளவுங் காத்திராமல் அதனை வினாவி விடைபெறுதற்கு வைத்தியர் கண்ட வழியே இரத்தச் சோதனை.

தமிழ் பயிலும் மாணவராகிய நாம் இப்பொருளை எழுதப் புகுந்தமைக்குக் காரணம் வேண்டுவார்க்கு ஒன்று கூறுவோம். உத்திரமேரூரைச் சூழ்ந்த நமது சிற்றூர்களில், கல்லூரியிற் பயிலும் பிள்ளை விடுமுறைக்கு வந்திருக்கின்றானென்றால், அவன் பயில்வது தமிழா, கணிதமா என்று எவரும் கேளார். பையைத் திறந்து மடித்த சோதனைச் சீட்டு ஒன்றை நீட்டி, “தம்பி, இதுல என்ன போட்டிருக்குன்னு கொஞ்சம் பாத்துச் சொல்லுப்பா” என்பர். சீட்டில் ஆங்கிலத்திற் பத்துப் பன்னிரண்டு பெயர்களும், அவற்றிற்கு எதிரே எண்களும் இருக்கும். சில எண்கள் தடித்த எழுத்தில் அச்சாகியிருக்கும். தடித்த எழுத்தைக் கண்டவுடன் வீட்டார் முகம் வாடும், அஃதில்லையேல் மகிழ்வர். அவ்வாட்டமும் அம்மகிழ்ச்சியும் பல வேளைகளிற் பொருந்தாதன என்பதே ஈண்டு நாம் காட்டப் புகுவது.

மக்கள் வழக்கில் எல்.எப்.டி. என்று வழங்கும் அச்சோதனையின் முழுப்பெயர், கல்லீரலின் செயலை அறியும் சோதனை எனப் பொருள்படும். பெயர் ஓரளவிற்கே பொருத்தமுடையது. அதனுட் சில எண்கள் ஈரலின் செயலை அளப்பன. வேறு சில ஈரலுக்கு நேர்ந்த காயத்தை அளப்பன. காயமும் செயற்குறைவும் ஒன்றல்ல. காளையின் காலிற் புண்ணுண்டு என்பதும், அக்காளையால் ஏரிழுக்க இயலவில்லை என்பதும் இருவேறு செய்திகளன்றோ?

முதலில் நிற்பது பிலிருபின். நமது இரத்தத்துச் சிவப்பணுக்கள் ஏறத்தாழ 120 நாள் வாழ்ந்து அழிகின்றன. அழிந்தவற்றின் செந்நிறப் பொருள் சிதைந்து மஞ்சள் நிறப் பொருளாக மாறும்; அதுவே பிலிருபின். அது நீரிற் கரையாதது. கல்லீரல் அதனைப் பற்றி, சர்க்கரையினின்று தோன்றும் ஓர் அமிலத்தோடு கூட்டி, நீரிற் கரையுமாறு செய்து, பித்தத்தோடு குடலுக்கு அனுப்புகின்றது. மலத்திற்கு நிறம் தருவதும் இதனின்று பிறப்பதே. இரத்தத்தில் 100 மில்லிலிட்டருக்கு ஏறத்தாழ 1 மில்லிகிராம் வரை பிலிருபின் இருத்தல் இயல்பு. வெண்விழி மஞ்சளாகத் தோன்றுதற்கோ அது 2½ அல்லது 3 மில்லிகிராம் அளவிற்கு உயர்தல் வேண்டும். காமாலைக் கண்ணுக்குக் கண்டதெல்லாம் மஞ்சள் என்பது பழமொழி. காமாலையைக் காணும் கண் தாமதித்தே காணும் என்பதை அதனோடு சேர்த்துக் கொள்ளலாம்.

பிலிருபினுள்ளும் இருவகை உண்டு. 1883-இல் ஜெர்மானிய அறிஞர் எர்லிக் என்பார், பிலிருபினோடு கலந்தால் நிறம் மாறும் மருந்து நீர் ஒன்றைக் கண்டறிந்தார். ஹாலந்து நாட்டு வைத்தியர் வான் டென் பெர்க் என்பாரும் அவர்தம் துணைவர் முல்லர் என்பாரும் அதனை நோயாளிகளின் இரத்தநீரில் இட்டுப் பார்த்து, 1916-இல் ஒரு புதுமையை வெளியிட்டனர். சிலருடைய இரத்தநீர் மருந்து பட்டவுடன் நிறம் மாறியது. சிலருடையது மதுசாரம் சேர்த்த பின்னரே மாறியது. முன்னது நேர்வகை எனவும், பின்னது நேரல்லா வகை எனவும் பெயர் பெற்றன. காரணம் பின்னாளில் விளங்கிற்று. ஈரல் தன் வேலையை முடித்து நீரிற் கரையுமாறு செய்துவிட்ட பிலிருபினே நேர்வகை. ஈரலின் கைப்படாதது மற்றையது. இன்றைய சீட்டுக்களிலும் டைரக்ட், இன்டைரக்ட் என்ற இரு வரிகளாக அந்தப் பழைய பெயர்களே நிற்கின்றன.

இவ்வேறுபாட்டை ஏட்டளவிலான நுணுக்கம் என்று தள்ளுதற்கில்லை. ஒரு குழந்தையின் உயிர் இதனைப் பற்றி நிற்றல் கூடும். பிறந்த குழந்தைகளிற் பாதிக்கு மேற்பட்டவை இரண்டாம் மூன்றாம் நாளில் மஞ்சள் நிறமடைகின்றன. அவற்றின் ஈரல் இன்னும் முதிராமையால் பிலிருபினை விரைந்து மாற்றமாட்டாது. ஆதலின் இரத்தத்தில் மிகுவது நேரல்லா வகை. மருத்துவமனையில் அளவைப் பார்த்து, தேவையானால் நீலவொளியின் கீழ்க் கிடத்துவர். பெரும்பாலும் இரண்டு வாரத்துள் நிறம் தெளியும். ‘எல்லாக் குழந்தைக்கும் இப்படித்தான், சரியாய்ப் போகும்’ என்று பாட்டிமார் கூறுவது இதனைக் கண்ட அனுபவத்தால். அவர் கூறுவது பெரும்பாலும் மெய்யே.

மெய்யாகாத இடம் ஒன்றுண்டு. சில குழந்தைகளுக்கு ஈரலினின்று குடலுக்குப் பித்தம் செல்லும் குழாய் அழற்சியால் அடைபட்டு அழிந்துபோகின்றது. ஈரல் தன் கடமையைச் செய்து பிலிருபினை மாற்றியே விடுகின்றது. மாற்றியது வெளியே செல்ல வழியின்றி இரத்தத்திற்கே மீளுகின்றது. அப்பொழுது உயர்வது நேர்வகை. இக்குழந்தைகள் முதல் வாரங்களிற் பாலருந்தும், எடையுங் கூடும், நோயுற்றது போலத் தோன்றா. குறிகள் இரண்டே. பித்தம் குடலை அடையாமையால் மலம் சுண்ணாம்பு போல் வெளுக்கும். நேர்வகைப் பிலிருபின் நீரிற் கரைவதாதலால் சிறுநீரில் இறங்கித் துணியிற் கறை படுத்தும். இயல்பான மஞ்சளில் இவ்விரண்டும் இல்லை. இரண்டு வாரங் கடந்தும் மஞ்சள் நீங்காத குழந்தைக்கு, மொத்தப் பிலிருபினை மட்டும் அளந்து நில்லாது, நேர்வகையைத் தனியே அளந்து பார்த்தல் வேண்டும் என்று குழந்தை வைத்தியர் வற்புறுத்துவது இதனாலேயே. அது 1 மில்லிகிராமுக்கு மேற்பட்டால் மேலும் ஆராய வேண்டும்.

இத்துணை விரைவு எதற்கென்னின், ஜப்பான் தேசத்துச் சஸ்திர வைத்தியர் கசாய் என்பார் குடலின் ஒரு பகுதியை ஈரலோடு நேரே பொருத்திப் பித்தத்திற்குப் புதுவழி சமைக்கும் முறையைக் கண்டு 1959-இல் வெளியிட்டார். அம்முறை குழந்தை பிறந்து 60 நாட்களுக்குட் செய்யப்படின் நற்பயன் தருவது மிகுதி; நாள் செல்லச் செல்ல ஈரல் இறுகிப் பயன் குன்றும். ஆகவே, இளவெயிலிற் காட்டினாற் போதும் என்று கழிக்கும் ஒவ்வொரு வாரமும் அந்த அறுபதினின்று கழிவதாகும்.

இதற்கு நெடுந்தூரஞ் சென்று உதாரணம் தேடவேண்டுவதில்லை. பித்தக்குழாய் அடைபட்டுப் பிறந்த குழந்தை ஒன்று காஞ்சிபுரத்தில் இருந்தது. 1998-ஆம் ஆண்டு நவம்பர்த் திங்களில், 20 மாதம் நிரம்பிய அக்குழந்தைக்குத் தில்லி இந்திரப்பிரஸ்த அப்போலோ மருத்துவமனையில், தந்தையின் ஈரலினின்று ஒரு பகுதியை அறுத்தெடுத்து வைத்தனர். குழந்தைகட்குச் செய்யப்பட்ட ஈரல் மாற்றுச் சிகிச்சைகளுள் இந்திய நாட்டில் முதன்முதல் வெற்றிபெற்றது அதுவே. ஈரல் வெட்டிய இடத்தில் மீண்டும் வளரும் தன்மையது. தந்தையும் பிழைத்தார், மகனும் பிழைத்தான். அம்மகன் வளர்ந்து மருத்துவம் பயின்று இன்று தானே ஒரு டாக்டராய் விளங்குகின்றான். காஞ்சியினின்று தில்லி வரை ஒரு குடும்பத்தை இட்டுச்சென்ற நெடுவழியில், முதலடி நேர்வகைப் பிலிருபினை அளக்கும் அச்சிறு சோதனை போன்றதொன்றே.

நிற்க. சீட்டில் அடுத்து வருவன எஸ்.ஜி.ஓ.டி., எஸ்.ஜி.பி.டி. என்னும் இரண்டு, ஏ.எஸ்.டி., ஏ.எல்.டி. என்பன அவற்றின் புதுப்பெயர்கள். இவை என்சைம் என்று சொல்லப்படும் பொருள்கள். ஈரலின் நுண்ணறைகளுக்குள் இருந்து தம் வேலையைச் செய்வன. இரத்தத்தில் இவற்றிற்கு யாதொரு வேலையும் இல்லை. அறைகள் உடையும்பொழுது கசிந்து இரத்தத்திற் கலக்கின்றன. குதிர் உடைந்த வீட்டின் முற்றத்தில் நெல் சிதறிக் கிடப்பதை ஒக்கும் இது. நியூயார்க்கு நகரில் கார்மன், ரோப்லெவ்ஸ்கி, லாடூ முதலியோர் 1954, 1955-ஆம் ஆண்டுகளில் இவற்றை அளக்கும் வகையை வெளியிட்டனர். அவர் முதலில் ஆராய்ந்தது மாரடைப்பை. ஈரல் நோயிலும் இவை உயர்வதைக் கண்டு ஆங்குஞ் செலுத்தினர்.

இவ்வெண்களின் இயல்பு பெரிதும் தவறாக உணரப்படுகின்றது. சோதனைச்சாலைகள் பல 40 என்னும் அளவை எல்லையாகக் கொள்கின்றன. தொற்றுக் காமாலை வந்தபோது ஆயிரக்கணக்கில் உயர்ந்து, சில வாரங்களில் இயல்பிற்குத் திரும்புவதும் உண்டு. அத்தகையோர் பெரும்பாலும் முழு நலமடைகின்றனர். இதற்கு மாறாக, நெடுங்காலம் மது அருந்தியோ கொழுப்பு மண்டியோ ஈரல் சுருங்கித் தழும்பேறிய ஒருவரிடம் இவ்வெண்கள் 40-க்குட்பட்டு நிற்பதும் உண்டு. உடைதற்கு அறைகளே மிகுதியாக இல்லாதவிடத்துக் கசிவது யாது? நெல்லில்லாத குதிர் உடைந்தாலும் முற்றம் தூய்மையாகவே இருக்கும். தடித்த எழுத்து இல்லை என்று மகிழ்வது பொருந்தாதென்று மேலே கூறியது இவரைக் கருதியே.

இன்னுமொன்று. ஏ.எஸ்.டி. தசையிலும் மிகுதியாக உண்டு. பழக்கமில்லாத கடும் வேலை செய்து உடம்பு முறிந்தாற்போல் வலிக்கும் மறுநாளில் இரத்தங் கொடுத்தால் அது உயரக்கூடும்; ஈரல்மேற் குற்றமில்லை. சிவப்பணுக்களிலும் அஃது உண்டாதலால், ஊசியாற் கடினமாக இழுத்தும், கரடுமுரடான சாலையிற் குலுக்கியும் கொணர்ந்த இரத்தத்தில் அணுக்கள் உடைந்து பொய்யான உயர்வைக் காட்டும். பிலிருபினுக்கோ பகை வெளிச்சம். சோதனைக்குழாயை வெயில்படும் சன்னலருகே மறந்து வைத்தால் பிலிருபின் சிதைந்து, உள்ளதிற் குறைவாகத் தோன்றும். குழந்தையை நீலவொளியிற் கிடத்துவதால் வரும் நன்மை எக்காரணத்தாலோ அக்காரணத்தாலேயே இக்கேடும் வருகின்றது. சிற்றூர்ச் சுகாதார நிலையத்தில் எடுத்த இரத்தம் உத்திரமேரூருக்கோ காஞ்சிபுரத்திற்கோ பயணம் செய்யும் நம்மனைய நாட்டில், குழாயை நிழலிற் குளிரவைத்துக் கொணரும் பணியாளரின் கருத்தும் சோதனையின் ஒரு பகுதியே.

ஈரலின் செயலை உண்மையில் அளப்பன வேறிரண்டு. ஆல்புமின் என்னும் புரதம் ஈரலிலேயே உண்டாவது. 100 மில்லிலிட்டருக்கு 3½ முதல் 5 கிராம் வரை இருத்தல் இயல்பு. அதன் அளவிற் பாதி கழிதற்கு ஏறக்குறைய 20 நாள் ஆமாதலின், நேற்று வந்த நோயை அது காட்டாது. பல மாதமாய் நடந்த குறைவையே காட்டும். நேற்று வந்ததைக் காட்டுவது இரத்தம் உறைவதற்கு ஆகும் நேரம். உறைதற்கு வேண்டும் பொருள்களிற் பல ஈரலில் உண்டாவன. அவற்றுட் சில ஒரு நாளைக்குள்ளேயே செலவழிவன. 1935-இல் அமெரிக்க வைத்தியர் குயிக் என்பார் வெளியிட்ட முறையால் அளந்தால், இயல்பான இரத்தநீர் 11 முதல் 13 விநாடிக்குள் உறையும். கைதவறியோ பிற காரணத்தாலோ மஞ்சட் பாஸ்பரஸ் கலந்த எலிமருந்து உட்சென்ற நோயாளி முதல் இரண்டொரு நாள் நன்றாகவே இருப்பதாகத் தோன்றி, பின்னர் ஈரல் கெட்டு வீழ்வது நம் மாகாணத்து மருத்துவமனைகள் நன்கறிந்த துயரம். ‘நல்லாத்தான் இருக்கான், வீட்டுக்குக் கூட்டிப் போறோம்’ என்று உற்றார் கேட்பினும் வைத்தியர் விடாது, நாள்தோறும் உறைநேரத்தை அளந்துகொண்டிருப்பது இதனாலே. அவர் விடும்வரை அழைத்துச் செல்லலாகாது.

இனி, தமிழ் மாணவர்க்கு உவப்பான ஒரு வரலாறு. காமாலை என்றவுடன் நம் நாட்டார் நாவில் வருவது கீழாநெல்லி. இலைக்காம்பின் அடியில் நெல்லிக்காய் போன்ற சிறு காய்கள் வரிசையாய்த் தொங்குவதாற் பெற்ற பெயர் அது. அதனை அரைத்து மோரிற் கலந்து கொடுத்தோம், குணமாயிற்று என்பார் ஊர்தோறும் உளர். ஆயின் அசுத்த நீரால் வரும் காமாலை எதுவும் கொடாவிடினும் பெரும்பாலும் சில வாரங்களில் தானே நீங்குவது. கையிற் சூடிட்டவரும் மந்திரித்தவரும் அதே வெற்றியைத் தமதென்பர். ஆகவே நிறம் நீங்கியதைக் கொண்டு மருந்தை நிறுத்துப் பார்த்தல் இயலாது. வேறொரு துலாக்கோல் வேண்டும்.

அத்துலாக்கோல் எதிர்பாராத இடத்தினின்று வந்தது. அமெரிக்க அறிஞர் பாரூக் பிளம்பெர்க் என்பார், பல முறை இரத்தம் ஏற்ற ஒரு நோயாளியின் இரத்தநீர் ஆஸ்திரேலியப் பழங்குடியினர் ஒருவரது இரத்தநீரோடு கலந்தபோது ஒரு கோடு படிவதைக் கண்டு, அதற்குக் காரணமான பொருளை ‘ஆஸ்திரேலியா ஆன்டிஜென்’ என்று பெயரிட்டு 1965-இல் வெளியிட்டார். அஃது ஈரலைத் தாக்கும் ஹெப்படைட்டிஸ் பி என்னும் வைரஸின் மேலுறை என்பது அடுத்த சில ஆண்டுகளில் தெளிவாயிற்று. 1976-இல் அவர் நோபெல் பரிசு பெற்றார். இவ்வைரஸ் காமாலை யாதுமின்றிப் பல்லாண்டு ஒருவரது உடலில் வாழவல்லது; பின்னர் ஈரல் இறுகுதற்கும் புற்றிற்கும் வழிகோலும். அவரைக் கண்ணாற் கண்டறிவார் எவருமிலர், இரத்தமே காட்டும். பிளம்பெர்க் பிறந்த ஜூலை 28-ஆம் நாளே இன்று உலக ஹெப்படைட்டிஸ் தினமாகக் கொள்ளப்படுகின்றது.

சென்னைப் பல்கலைக்கழகத்து எஸ். பி. தியாகராஜன் என்பாரும் அவர்தம் கூட்டத்தாரும், பிளம்பெர்க்கையும் உடன்கொண்டு, கீழாநெல்லியை அத்துலாக்கோலில் ஏற்றினர். வைரஸைத் தாங்கியிருந்தோரில் ஒரு சாராருக்குச் செடியின் உலர்தூளை 200 மில்லிகிராம் அளவு நாளொன்றுக்கு மும்முறையாக 30 நாளும், மற்றொரு சாராருக்குப் போலி மருந்தும் கொடுத்தனர். பின்னர் இரத்தத்தைச் சோதித்தபோது, மூலிகை உண்ட 37 பேரில் 22 பேரிடத்தில் அவ்வான்டிஜென் காணப்படவில்லை. போலி மருந்துண்ட 23 பேரில் ஒருவரிடத்திலேயே காணப்படவில்லை. 1988-இல் இலண்டன் லான்செட் பத்திரிகையில் இது வெளியானதும் நமது கீழாநெல்லி உலகப் புகழ் பெற்றது. இத்துடன் நிறுத்திக்கொள்வது நமக்கு இனிதாயிருக்கும். ஆயின் 1990-இல் தாய்லாந்திலும் 1994-இல் நியூஸிலாந்திலும் இதே செடியை வைத்துச் செய்த ஆராய்ச்சிகளில் அத்தகைய பயன் காணப்படவில்லை. ஆகவே கீழாநெல்லியை நம்பி வைரஸ் மருந்தையோ சோதனையையோ கைவிடுதல் தகாது. பாட்டி வைத்தியம் என்று இகழாமலும் பழையது என்று தொழாமலும் சோதனைக்கு உட்படுத்திய அவ்வறிஞர் நம்மவர் என்பதில் நாம் பெருமைகொள்ளத் தடையில்லை. வந்த விடை இருதிறத்ததாயிருப்பது அவர் பிழையன்று.

இறுதியாக, இன்று மிகுந்து வரும் கொழுப்பு ஈரலைப் பற்றியும் சிறிது கூறவேண்டும். மதுவை நாவாலும் தீண்டாதவர்க்கும், நீரிழிவும் பெருவயிறும் உடையார்க்கும் இது வருகின்றது. ஈரலிற் கொழுப்பு மண்டியிருப்பதைக் காட்டிலும், அதனால் தழும்பு ஏறியுளதா என்பதே அறியவேண்டுவது. இதனை அறிதற்குப் பயன்படும் ஒரு கணக்கு 2006-இல் வகுக்கப்பட்டது, எப்.ஐ.பி.-4 என்பது அதன் பெயர். வயதை ஏ.எஸ்.டி.யாற் பெருக்குக. இரத்தத்துப் பிளேட்லட்டுக்களின் எண்ணை, ஆயிரத்தால் வகுத்துச் சொல்லும் முறையிற் கொண்டு, அதனை ஏ.எல்.டி.யின் வர்க்கமூலத்தாற் பெருக்குக. முன்னதைப் பின்னதால் வகுத்தால் வருவதே விடை. 1.3-க்குக் குறையின் பெருந்தழும்பு இருத்தல் அரிது, 2.67-க்கு மேற்படின் ஐயத்திற்கிடமுண்டு. இடைப்படின் வேறு சோதனை வேண்டும்.

கற்பனையாக இருவரைக் கொள்வோம். 36 வயதுடைய ஒருவர்க்கு ஏ.எஸ்.டி. 64, ஏ.எல்.டி. 64, பிளேட்லட் 2,40,000. சீட்டில் இரண்டும் தடித்த எழுத்து. வீட்டில் ஒரே அழுகை. கணக்கிட்டால் 36-ஐ 64-ஆற் பெருக்க 2,304, 240-ஐ 8-ஆற் பெருக்க 1,920, விடை 1.2. மற்றொருவர் 60 வயதினர், ஏ.எஸ்.டி. 36, ஏ.எல்.டி. 25, பிளேட்லட் 1,00,000. ஈரற்சீட்டில் தடித்த எழுத்தே இல்லை. வீட்டார் சீட்டை மடித்து வைத்துவிட்டனர். கணக்கோ 2,160-ஐ 500-ஆல் வகுக்க 4.32 என்று நிற்கின்றது! ஈரல் இறுகினால் இரத்தம் அதனுட் புக இடர்ப்பட்டு மண்ணீரலிற் தேங்கும். வீங்கிய மண்ணீரல் பிளேட்லட்டுக்களைத் தன்னுட் பிடித்து வைத்துக்கொள்ளும். ஆதலின் ஈரலின் குற்றத்தை வேறொரு சீட்டிலுள்ள வேறோர் எண் வெளியிடுகின்றது.

இக்கணக்கு 35 வயதிற்குட்பட்டோர்க்குப் பொருந்தாதென்பர். உத்திரமேரூர்க் கோயிற் சுவரில், முதற் பராந்தக சோழனது 14-ஆம் ஆட்சியாண்டில், அஃதாவது கி.பி. 921-இல் வெட்டிய கல்வெட்டும், குடவோலையிற் பெயர் எழுதப்பெறுதற்கு 35 வயதிற்கு மேலும் 70 வயதிற்குள்ளும் இருத்தல் வேண்டும் என்றே கூறுகின்றது. இவ்விரண்டிற்கும் யாதொரு தொடர்புமில்லை. எனினும் அச்சுவரின் நிழலில் வளர்ந்த நமக்கு இவ்வெண்ணை மறத்தல் இயலாது.

4.32 வந்த அம்முதியவர்க்கு அடுத்து நடப்பது யாதெனின், வைத்தியர் ஈரலின் விறைப்பை ஒலியலையால் அளப்பர். வயிற்றை ஸ்கான் செய்து மண்ணீரலின் அளவைப் பார்ப்பர். உணவுக்குழலில் நரம்புகள் புடைத்துளவா என்று எண்டாஸ்கோப்பியாற் காண்பர். புடைத்திருப்பின் அவை உடைந்து இரத்தங் கக்குமுன் மாத்திரையாலோ வளையமிட்டோ அடக்குவர். சென்ற ஆண்டுச் சீட்டையும் அதற்கு முந்திய ஆண்டுச் சீட்டையும் கேட்பர். பிளேட்லட் அப்பொழுது எவ்வளவு, இப்பொழுது எவ்வளவு என்று பார்த்தற்கு. ஆகலின் ஊரில் எவரேனும் சீட்டை நீட்டும்பொழுது, பழைய சீட்டு உளதா என்று நாமும் இப்பொழுது கேட்டு வருகின்றோம். அரிசிப் பானையின் அடியிலிருந்தும், நாட்காட்டியின் பின்புறத்திலிருந்தும் எடுத்துத் தருகின்றனர்.